தொங்கலில் கட்டிய படகு

லண்டன் மனோர் பார்க்கில் ரயில் பாலத்தின் கீழ் இருந்த ஒரு பட்டறையில் நான் பைபர் கிளாஸ் வேலை செய்தேன். குளியல் தொட்டி, வேனுக்குக் கூரை, சாப்பாட்டுக் கடை வாசலில் வைக்கிற பெரிய கோழி. வருகிறதைச் செய்வோம். முதலாளி வெள்ளைக்காரர். நல்ல மனிதர். கத்துவார்.

2009 ஜூனில் ஒரு படகு செய்தோம். முப்பது அடி நீளம், ஒடுக்கமான உடம்பு. மேலே கூரை, கூரை முழுக்க சோலார் பனல். உள்ளே எட்டுப் பற்றறி. பின்னால் ஒரு மின்சார மோட்டார். பெட்ரோல் ஒரு துளியும் வேண்டாம். தென் அமெரிக்காவில் பெரிய காட்டுக்குள் ஓடுகிற ஓர் ஆற்றுக்கு அது போக வேண்டும். அங்கே றோட்டு இல்லை. ஆறுதான் றோட்டு.

அந்த வருடம் இலங்கையில் எங்கள் சனத்துக்கு நடந்தது எல்லாருக்கும் தெரியும். அதை இங்கே எழுதவில்லை. கை சும்மா இருந்தால் தலை ஓடும். அதனால் படகு வேலையைக் கேட்டு வாங்கினேன்.

மின்சார வேலையைத் தமிழ்நாட்டிலிருந்து வந்த ஒரு எஞ்சினியர் தம்பி பார்த்தார். முதல் நாளே என்னிடம் வந்து, "அண்ணா, இந்த போல்ட் டைட்டா இருக்கு, கொஞ்சம் லூஸ் பண்ணுங்க" என்றார்.

"லூஸ் எண்டா எங்களுக்கு விசர், தம்பி" என்றேன். "தமிழ்நாட்டிலை இருந்து வந்து என்னோடை இங்கிலிஷ் கதைக்கிறீர். தமிழிலை சொல்லும்."

அவர் அதைப் பிடித்துக்கொண்டார். அன்றிலிருந்து என்னிடம் பேசும்போது இங்கிலிஷ் சொல் வாயில் வந்தால் நிறுத்தி, கண்ணை மேலே உருட்டித் தமிழ்ச் சொல் தேடுவார். எனக்கு அது பகிடியாக இருந்தது.

வேலை முடிகிற கிழமை அந்த ஆற்றிலிருந்து ஒரு மனிதர் வந்தார். என் வயது இருக்கும். கட்டை ஆள், அகன்ற தோள். யாரோ கொடுத்த கோட்டின் கை அவர் விரல்களை மூடியது. நான் அவரை மனதுக்குள் ஆற்றுக்காரர் என்று சொல்லிக்கொண்டேன். கூட ஒரு இங்கிலிஷ்காரப் பிள்ளை வந்தாள். படகைச் செய்யச் சொன்ன உதவிச் சங்கத்தில் வேலை. அவளுக்கு ஸ்பானிஷ் தெரியும். ஆற்றுக்காரர் ஸ்பானிஷில் சொல்வதை அவள் இங்கிலிஷில் சொல்வாள். தம்பி எனக்குத் தமிழில் சொல்வார். மூன்று கை மாறி வரும்போது பாதி கொட்டிப் போயிருக்கும். ஆனாலும் இவ்வளவு வந்து சேர்ந்தது.

அவர் ஊரிலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஆற்றோடு மூன்று நாள் துடுப்புப் போட வேண்டும். திரும்பி வர ஐந்து நாள். முன்பு யாரோ ஒரு பெட்ரோல் எஞ்சின் கொடுத்தார்கள். அதில் ஒரு சின்னத் துண்டு உடைந்தது. அதைத் திருத்த அங்கே ஆள் இல்லை. போன மழைக்கு அவர் தங்கை பிள்ளை பெற முடியாமல் துடுப்புப் படகில் செத்தாள். எஞ்சின் இப்போதும் ஒரு மரத்தடியில் கிடக்கிறது. அதன் மூடிக்குள் கோழி முட்டை இடுகிறது.

படகுக்குப் பணம் கொடுப்பவர்கள் ஒரு விஷயம் சொல்லியிருந்தார்கள். இந்த மனிதர் ஓம், வேண்டும் என்றால் படகு போகும். அவர் ஓம் என்னாவிட்டால் இல்லை.

அவர் நாலு நாள் பார்த்தார். மோட்டாரைக் காட்டினோம், தலையாட்டினார். பனலைக் காட்டினோம், தலையாட்டினார். ஒவ்வொரு நாளும் படகின் உடம்பை விரல் முட்டியால் தட்டி ஒரே கேள்வியைக் கேட்டார். இது உடைந்தால்?

முதலாளி சிரிப்பார். "உடையாது. பத்து வருடம் உடையாது."

அவர் மறுபடி படகைத் தட்டுவார்.

"ஏண்ணா இவரு ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கிறாரு?" என்று தம்பி கேட்டார். "நாளைக்கு மறுநாள் பணம் குடுக்கறவங்க எல்லாம் வர்றாங்க. அப்பவும் இப்படியே நின்னா?"

"கேட்டதுக்கு மறுமொழி கிடைக்கேல்லையே" என்றேன்.

"சொல்லிட்டாரே, உடையாதுன்னு."

"அது மறுமொழியோ?"

பணம் கொடுப்பவர்கள் வருவதற்கு முதல் நாள் படகைத் தண்ணீரில் இறக்கினோம். பார்க்கிங்கில். கார் நிறுத்துகிற இடமில்லை, ஊரின் பெயரே அதுதான். அங்கே ஒரு சின்ன ஆறு தேம்ஸில் போய் விழுகிறது. அதன் கரையில் கல் சுவரோடு ஒரு இறங்குதுறையை இரண்டு நாளுக்கு இரவல் வாங்கியிருந்தார்கள். எனக்கும் ஆற்றுக்காரருக்கும் அந்த இடம் புதிது.

மத்தியானம் லொறியில் இருந்த கிரேன் படகைத் தூக்கி வைத்தது. ஆறு முட்ட நிரம்பியிருந்தது. தண்ணீர் இறங்குதுறைக்கு ஒரு சாண் கீழே நின்றது. அசைவில்லை. படகு சத்தமில்லாமல் மிதந்தது. முதலாளி லொறியோடு போய்விட்டார். நகரத்தின் மற்றப் பக்கத்தில் அவருக்குக் கூட்டம். போகிற வழியில் தம்பிக்குப் போன் எடுத்தார்.

தம்பி இறங்குதுறை வாசலில் நின்று காதில் போனோடு என்னைப் பார்த்துச் சத்தம் போட்டார்.

"அண்ணா, முதலாளி சொல்றாரு, படக..." நிறுத்தினார். கண்ணை மேலே உருட்டினார். "படக தொங்கல்ல விட்டுக் கட்டணுமாம்."

"தொங்கலிலையோ?"

"ஆமாண்ணா. மறந்துடாதீங்க."

எங்கள் பேச்சில் தொங்கல் என்றால் ஒன்றின் கடைசி முனை. றோட்டுத் தொங்கல். கயிற்றுத் தொங்கல். அந்த இறங்குதுறைக்கும் ஒரு தொங்கல் இருந்தது. படகை அங்கே நகர்த்திக்கொண்டு போனோம். ஆற்றுக்காரர் முன்பக்கம் கட்டினார், நான் பின்பக்கம். நீளம் விட்டால் படகு சுவரில் அடிபடும், பனல் உடையும். ஒரு முழம் விட்டு இறுக்கினோம். நிமிர்ந்து பார்த்தால் அவர் போட்டதும் நான் போட்டதும் ஒரே முடிச்சு. அவர் என் முடிச்சைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தார். வந்த பிறகு அன்றுதான் சிரித்தார்.

பிறகு நாலு பேரும் தம்பியின் காரில் ஈஸ்ட் ஹாமுக்குச் சாப்பிடப் போனோம். எங்கள் ஆள் ஒருவரின் கடை. அவித்த மரவள்ளிக்கிழங்கும் சம்பலும் இருந்தது. ஆற்றுக்காரர் கிழங்கைக் கண்டதும் கோட்டைக் கழற்றினார். உடைத்தார், மணந்தார், வாயில் போட்டார். அந்தப் பிள்ளையிடம் வேகமாக ஏதோ சொன்னார். அவள் தம்பியிடம் சொன்னாள்.

"கிழங்கு பழசாம்ணா" என்றார் தம்பி. "அவங்க ஊர்ல இத நாய்க்குக் கூட வைக்க மாட்டாங்களாம்."

"கப்பலிலை வந்த கிழங்கு, அப்பிடித்தான் இருக்கும் எண்டு சொல்லும்."

அது மூன்று கை மாறிப் போனது. ஆற்றுக்காரர் இன்னொரு துண்டை எடுத்தார். நாலு தட்டுச் சாப்பிட்டார்.

எனக்கும் மனம் இளகியிருந்தது. தம்பியின் வீட்டு விஷயம் கேட்டேன். கலியாணம் எப்போது என்று.

"எங்கண்ணா. என் விசாவே இன்னும் தொங்கல்ல கெடக்கு."

"தொங்கலுக்கு வந்திட்டுதெண்டா நல்லதுதானே. கெதியா முடிஞ்சிடும்."

"முடியறதா? அந்தரத்துல தொங்குதுண்ணா. எப்ப விழும்னே தெரியல."

கையில் கிழங்கு இருந்தது. நான் அதைத் தட்டில் வைத்தேன்.

"தம்பி. வள்ளத்தை என்னெண்டு கட்டச் சொன்னனீர்?"

"தொங்கல்ல விட்டு."

"அது எண்டா?"

"கயித்த நல்லா நீளமா விட்டு. தொங்குற மாதிரி. லூஸா. நீங்கதான அந்த வார்த்தை வேணாம்னீங்க." பிறகு என் முகத்தைப் பார்த்தார். "தண்ணி இறங்கும்லண்ணா. கடல் தண்ணி உள்ள வந்துட்டுப் போற ஆறு."

"எவ்வளவு இறங்கும்?"

"ரெண்டு மாடி."

எங்கள் ஊரின் ஆழமில்லாத பரவைக்கடலில் தண்ணீர் ஏறி இறங்குவது ஒரு முழம். எனக்குத் தெரிந்த கடல் அவ்வளவுதான். ஆற்றுக்காரரின் ஆறு மாதக் கணக்கில் ஏறி மாதக் கணக்கில் இறங்கும். ஒரே நாளில் இரண்டு மாடி இறங்குகிற தண்ணீரை நாங்கள் இருவரும் கண்டதில்லை. கட்டியது நாங்கள் இருவரும்தான்.

"எப்ப இறங்கத் தொடங்கும்?"

"நாம கெளம்பறப்பவே தொடங்கிருச்சு."

கடைக்காரரிடம் பிறகு வாறன் என்று சொல்லிவிட்டு எழும்பினேன்.

ஹை ஸ்ட்ரீட் நோர்த் நின்று கிடந்தது. முன்னால் ஒரு பஸ், அதற்கு முன்னால் இன்னொரு பஸ். நகைக்கடை வாசலில் ஒரு வேன் றோட்டை அடைத்துக்கொண்டு சாமான் இறக்கியது. தம்பி ஹோர்ன் அடித்தார். வேன்காரன் கையை மட்டும் காட்டினான். பின் சீட்டில் அந்தப் பிள்ளை ஆற்றுக்காரருக்கு விளங்கப்படுத்திக்கொண்டிருந்தாள். சொல்லி முடிந்ததும் அவர் குனிந்தார். சப்பாத்துக் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார்.

"நான் லூஸ்னே சொல்லிருக்கணும்" என்றார் தம்பி.

"ஓம். வேண்டாம் எண்டது நான்தான்."

"ஒவ்வொரு வார்த்தைக்கும் தமிழ் தேட வச்சுட்டீங்களே."

"றோட்டைப் பாரும்."

போய்ச் சேர்ந்தபோது மூன்றரை மணி. ஆறு இருந்த இடத்தில் சேறு இருந்தது. நடுவில் ஒரு வாய்க்கால் அளவு தண்ணீர். முன்பக்கக் கயிறு கட்டிய கொளுக்கி பிய்ந்து, படகின் மூக்கு சேற்றில் குத்தி நின்றது. பின்பக்கம் என் முடிச்சில் தொங்கியது. நான் நல்ல முடிச்சுப் போட்டிருந்தேன். பற்றறிகள் முன்னுக்கு வழுக்கிப் போய்க் குவிந்திருந்தன. பின்பக்கக் கொளுக்கி முறுகி முறுகிச் சத்தம் போட்டது. அது விட்டால் இரண்டு ஆள் உயரத்திலிருந்து பின்பக்கம் விழும். கீழே, சுவரடியில், கல். படகு இரண்டாகும்.

ஆற்றுக்காரர் வெறுங்காலோடு சுவரில் இருந்த இரும்பு ஏணியில் இறங்கினார். நான் வேறு ஒரு கயிற்றை எறிந்தேன். ஏணியில் ஒரு கையால் தொங்கிக்கொண்டு மற்றக் கையால் அதைப் படகின் பின்வளையத்தில் கட்டினார். அதே முடிச்சு. பிறகு முழங்கால் வரை சேற்றில் புதைந்து, கரையோரம் கிடந்த பழைய லொறி டயர்களை இழுத்து வந்து படகின் கீழே போட்டார். அவர் தலைக்கு மேலே படகு தொங்கியது.

"அவர வெளிய வரச் சொல்லுங்க" என்று தம்பி அந்தப் பிள்ளையிடம் சொன்னார், தமிழில். அவளுக்கு அது விளங்கியது. கத்தினாள். அவர் வரவில்லை. நாலாவது டயரை வைத்து, அதைச் சரி பார்த்து, பிறகுதான் ஒதுங்கினார். அதுவும் ஓரடி.

புதுக் கயிற்றைக் கரையில் இருந்த இரும்புத் தூணில் மூன்று சுற்றுச் சுற்றினேன். தம்பி வாலைப் பிடித்தார்.

"விடச் சொன்னா விடும். ஒரு விரற்கடை. கூட விட்டீரோ, கீழை ஆள் நிக்குது."

"தெரியுதுண்ணா."

பழைய கயிற்றை வெட்டினேன். பாரம் தூணுக்கு வந்தது. தூண் முனகியது. புகை மணம் வந்தது, கயிறு சூடாகி. ஆற்றுக்காரர் கீழே நின்று கையைக் காட்டினார். உள்ளங்கை கீழே என்றால் விடு. மூடின கை என்றால் நில். யாரும் யாருக்கும் மொழிபெயர்க்கவில்லை. விடு. நில். விடு. நில். நில். விடு. பின்பக்கம் டயரில் உட்காரக் கால் மணி நேரம் எடுத்தது. தம்பி கயிற்றை விட்டுவிட்டுத் தரையில் இருந்தார். உள்ளங்கை இரண்டும் உரிந்திருந்தது.

இறங்கிப் பார்த்தேன். ஒரு பனல் வெடித்திருந்தது. அது பெரிதில்லை. முன்பக்கம், தண்ணீர் மட்டத்துக்குக் கீழே, சுவரில் இடிபட்ட இடத்தில் என் கை போகிற அளவு ஓட்டை.

"தண்ணி திரும்ப எப்ப வரும்?"

தம்பி போனைப் பார்த்தார். "ஏழரைக்கு இங்க வந்துடும்."

ஓட்டையோடு தண்ணீர் வந்தால் படகு நிரம்பும். பற்றறி எல்லாம் போகும். நாளைக்குக் காட்ட ஒன்றும் இருக்காது. அவர் மறுநாள் பிளேன் ஏறுவார். அவர் ஊருக்குக் கொண்டு போக ஒரு எஞ்சின் கதை ஏற்கெனவே இருந்தது. இது இரண்டாவது கதையாகும்.

தம்பியைப் பட்டறைக்கு அனுப்பினேன். ரெசின் என்கிற பசை, அதில் நனைத்து ஒட்டுகிற பைபர் பாய், கிரைண்டர், சூடு ஊதுகிற மெஷின், நீளமான வயர். உரிந்த கையோடு கார் ஓடிப் போய், ஐந்து மணிக்கு முன் வந்தார். வழியில் முதலாளிக்குப் போன் எடுத்திருந்தார்.

"என்னவாம்?"

"அத வாயால சொல்ல முடியாதுண்ணா. கூட்டம் முடிஞ்சு வர்றாராம்."

சேற்றில் ஒரு பலகை போட்டு இருந்தேன். ஓட்டையின் விளிம்பைக் கிரைண்டரால் சாய்த்தேன். ஈரத்தைச் சூட்டால் எடுத்தேன். ஆற்றுக்காரர் பக்கத்தில் குந்தியிருந்தார். கண் என் கையை விட்டு அசையவில்லை. ரெசின் இறுகுவதற்குச் சேர்க்கிற மருந்தைப் போத்தலின் மூடியால் அளந்து காட்டினேன். ஒரு தகரப் பேணிக்கு ஒரு மூடி. அன்றைக்கு அவசரம், ஒன்றரை. அவர் மூடியை வாங்கி விரலால் பாதிக் கோட்டைத் தடவிப் பார்த்தார்.

முதல் பாயை நான் ஒட்டினேன். இரண்டாவதற்குப் போகும்போது அவர் என் கையிலிருந்து பிரஷ்ஷை எடுத்தார். கேட்கவில்லை. நானும் கொடுத்தேன். காற்று நிற்கிற இடத்தை விரலால் காட்டினேன். அவர் பெருவிரலால் அமத்தி வெளியே தள்ளினார். நடுவிலிருந்து விளிம்புக்கு. எனக்கு அது பிடிபட ஒரு மாதம் போனது. அவர் மூன்றாவது பாயில் பிடித்துவிட்டார்.

ஆறரைக்கு முடிந்தது. தொட்டால் இன்னும் விரலில் ஒட்டியது. சூட்டைப் பிடித்துக்கொண்டே இருந்தேன். கூடினால் எரியும், குறைந்தால் காயாது. சேற்றின் நடுவில் ஒரு தண்ணீர் நாக்கு எங்கள் பக்கம் திரும்பியது. பிறகு அது கணுக்காலுக்கு வந்தது. குளிர்ந்தது. வயரைக் கழற்றிக் கரைக்குக் கொடுத்தேன். நகத்தால் தட்டினேன். பாதி காய்ந்த சத்தம். ஏழரைக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது. தண்ணீர் அந்தப் பத்து நிமிடத்தைத் தரவில்லை.

ஆற்றுக்காரர் படகுக்குள் ஏறி, ஒட்டின இடத்தின் உட்பக்கத்தில் கையை வைத்துக்கொண்டு இருந்தார். நான் ஏணியில் நின்றேன். தண்ணீர் ஒட்டின இடத்தைத் தொட்டது. மூடியது. மேலே போனது. மூக்கு சேற்றிலிருந்து மெதுவாகக் கழன்றது. மேலே தம்பியும் அந்தப் பிள்ளையும் சுவர் விளிம்பில் குந்தி எட்டிப் பார்த்தார்கள்.

அவர் கையை எடுத்துப் பார்த்தார். எங்களுக்கும் காட்டினார்.

காய்ந்த கை.

முதலாளி வந்தபோது வெளிச்சம் இருந்தது. படகு நீளக் கயிற்றில் மிதந்தது. அவர் முதலில் கத்தினார். பிறகு ஒட்டின இடத்தைப் பார்த்தார், கத்துவதை நிறுத்தினார். காலையில் கிரேனால் தூக்கி உள்ளேயும் ஒட்டி, வெளியே வெள்ளை பூச வேண்டும், ஒருவருக்கும் தெரியக் கூடாது என்றார். சரி என்றேன். அந்தப் பிள்ளை அதை ஆற்றுக்காரருக்குச் சொன்னாள். அவர் ஒரு சொல் சொன்னார்.

"பூச வேண்டாமாம்ணா" என்றார் தம்பி.

காலையில் படகைத் தூக்கி உட்பக்கமும் ஒட்டினோம். அதையும் அவர்தான் ஒட்டினார். பெயின்ட் பேணி திறக்காமல் இருந்தது.

பணம் கொடுப்பவர்கள் ஐந்து பேர் வந்தார்கள். வெள்ளைப் படகில் தேன் நிறத்தில் ஒரு பெரிய தழும்பு. ஒரு பனல் குறைவு. வெயில் வருவதும் போவதுமாக இருந்தது. எல்லாரையும் ஏற்றிக்கொண்டு படகு தேம்ஸ் வரை போய்த் திரும்பியது. சத்தமில்லை. தண்ணீர் வெட்டுகிற சத்தம் மட்டும். நான் காலடியில் ஒட்டின இடத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

இறங்கும்போது ஒரு அம்மா அதைக் காட்டி, இது என்ன என்று கேட்டாள். முதலாளி வாயைத் திறந்தார். ஆற்றுக்காரர் முந்திக்கொண்டார். அந்தப் பிள்ளை சொன்னது எனக்கே விளங்குகிற இங்கிலிஷ்.

"நேற்று உடைந்தது. நானும் இவரும் ஒட்டினோம்."

அம்மா அவரைப் பார்த்தாள். பிறகு நேராகக் கேட்டாள். இந்தப் படகு உங்களுக்கு வேண்டுமா?

"ஓம்" என்றார். ஸ்பானிஷில்தான். அந்தச் சொல்லுக்கு எங்களில் ஒருவருக்கும் மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. பிறகு சாமான் கேட்டார். இரண்டாவது மோட்டார் தருகிறோம் என்றதற்கு வேண்டாம் என்றார். ரெசின் வேண்டும். பாய் வேண்டும். பிரஷ் வேண்டும். மோட்டாரின் ஒவ்வொரு துண்டையும் கழற்றிக் காட்ட வேண்டும். தம்பி அன்று பின்னேரம் முழுக்க உரிந்த கையோடு கழற்றிக் காட்டினார்.

மறுநாள் அவர் பிளேன் ஏறிய பிறகு மருந்துப் போத்தலை எடுத்தேன். மூடி இல்லை. தேடவில்லை.

ஆகஸ்டில் படகு கொன்டெய்னரில் ஏறியது. கூடவே எப்படிப் பாவிக்க வேண்டும் என்று ஒரு தாள் போக வேண்டும். தம்பி எழுதி, அந்தப் பிள்ளை மாற்றுவாள். தம்பி பட்டறையில் என் மேசையில் இருந்து எழுதினார். முதல் வரியில் பேனா நின்றது. கண் மேலே உருண்டது.

"அண்ணா, கயித்த எப்படிக் கட்டணும்னு எழுதட்டும்?"

"லூஸ் எண்டு எழுதும்" என்றேன்.